ஃபேக்ஸ் இல்லாத மாடுகள்

மாட்டுக்கு ஃபேக்ஸ் நம்பர் உண்டா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்தக் கட்டத்தையே தூக்கிப் போட்டேன். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் தாண்டவராயன் செஞ்சி சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். ஊர்க்காரர்கள் அவரை மாட்டு டாக்டர் என்பார்கள். தான் படித்த டாக்டர் இல்லை என்று அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார், யாரும் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. மாட்டை அவர் பார்த்துக்கொள்வார், மாட்டின் விவரத்தை நான் பார்த்துக்கொள்வேன். பத்தொன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் எந்த ஊசி போட்டது, எப்போது கன்று போடும், எல்லாம் எங்கள் கூடத்தில் பீரோவுக்குப் பக்கத்தில் இராப்பகலாக ஓடும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்த ஊர்க் கொட்டகையில் நின்றாலும், மாட்டின் காதில் குத்தியிருக்கும் மஞ்சள் வில்லையின் எண்ணைப் போனில் போட்டால் அதன் கதை மொத்தமும் வந்துவிடும். அப்படி வரும்படி செய்து வைத்தது நான். திண்டிவனத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தது சும்மாவா?

மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு மாடு. ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. ஆனால் எங்கள் வீட்டு மாட்டைத் தவிர வேறு ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்தது கிடையாது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரே ஒரு தொல்லை. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கிற மனுஷன், எந்தத் திசையில் போயிருந்தாலும் பதினோரு மணிக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பார். சாப்பிடவும் இல்லை, படுக்கவும் இல்லை. என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார். "இன்னா, வேலை ஆவுதா?" என்று கேட்பார். ஆகாமல் என்ன? சில நாள், "கொஞ்சம் நவுரு, கை பழகுறேன்" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒற்றை விரலால் எதையோ தட்டுவார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். அவலூர்பேட்டையிலிருந்து இதற்காகவே வந்து திரும்ப அவலூர்பேட்டைக்கே போன நாளெல்லாம் உண்டு. பெட்ரோல் என்ன குழாயில் வருகிறதா என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "வழியிலதான" என்பார். எந்த ஊருக்கு வழி என்று கேட்டால் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

சரி, சாப்ட்வேர் கதைக்கு வருகிறேன். அது கடைக்காரர்களுக்காகச் செய்தது. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி ஆள் கடைவீதியில் கடை கடையாக ஏறி விற்றார். வாடிக்கையாளர் பெயர், ஊர், போன், ஃபேக்ஸ், கடைசியாகப் பொருள் வாங்கிய தேதி என்று கட்டங்கள் இருக்கும். அதை வாங்கி நான் மாட்டுக்கு மாற்றிக்கொண்டேன். வாடிக்கையாளர் எண் இருந்த இடத்தில் காது வில்லை எண். பொருள் வாங்கிய தேதி இருந்த இடத்தில் ஊசி போட்ட தேதி. ஃபேக்ஸை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

போன கார்த்திகையில் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. இனிமேல் வருடா வருடம் சந்தா கட்ட வேண்டுமாம். விவரமெல்லாம் அவர்களுடைய இடத்தில்தான் இருக்குமாம். டிசம்பர் முடிந்தால் பழையது திறக்காதாம். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. பத்தொன்பது வருடம் நான் உட்கார்ந்து தட்டிய மாடுகள், என் வீட்டில் இருக்கிற மாடுகள், அதைப் பார்க்க நான் எவனையோ கேட்க வேண்டுமா? போங்கடா நீங்களும் உங்கள் சந்தாவும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். யாரும் யாருக்கும் உரிமம் தர வேண்டாத, யானைப் படம் போட்ட இலவச சாப்ட்வேர் ஒன்று இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் என்று பெயர். உலகத்தில் பெரிய பெரிய ஆபீஸெல்லாம் அதில்தான் ஓடுகிறது. என் மாடுகளை அந்த யானையிடம் ஒப்படைப்பது என்று தீர்மானம்.

அந்த நேரம் பார்த்து இந்த மனுஷன் பனமலையில் ஒரு கொட்டகைச் சேற்றில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். முழங்கால் வரை மாவுக்கட்டு, தை பிறக்கும்வரை கட்டில். அவருக்குப் பதிலாக ஊர் ஊராகப் போவதற்கு அவலூர்பேட்டை அன்புமணி வந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல வேலைக்காரன், ஆனால் இந்தப் பக்கத்து மாடுகள் அவனுக்குப் புதிது. கம்ப்யூட்டர் சொல்வதுதான் அவனுக்கு வேதம்.

மார்கழி பிறந்ததும் வேலையை ஆரம்பித்தேன். பழைய சாப்ட்வேரில் தமிழ் எழுத்து அவர்களுடைய சொந்த எழுத்துருவில் இருந்தது. வெளியே எடுத்தால் காத்தாயி என்கிற பெயர் ஏதோ கோழி கிளறிய மாதிரி வந்து நின்றது. எந்தக் கிறுக்கலுக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு மாற்றினேன். நாலு நாள் ஆனது. கட்டிலில் இருந்தபடி அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எதுனா வேணாம்னு இருக்குதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் வேணும். நீ பாத்து செய்யி."

நான் பார்த்துத்தான் செய்தேன். ஃபேக்ஸ் கட்டத்தைத் திறந்தால் சில மாடுகளுக்கு 1, சிலவற்றுக்கு 3, சிலவற்றுக்கு 2, 5 என்று இருந்தது. ஒற்றை இலக்கத்தில் ஃபேக்ஸ் நம்பர் எந்த ஊரில் இருக்கிறது? மனுஷன் கை பழகிய குப்பை என்று நினைத்து, எடுத்துப் போக வேண்டிய கட்டங்களிலிருந்து அதை நீக்கிவிட்டேன். மீதி எல்லாம் யானைக்குள் போயிற்று. எண்ணிப் பார்த்தேன், ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. ஒரு மாடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, அதுவும் இலவசமான லினக்ஸைப் போட்டேன். அன்புமணி கொட்டகையிலிருந்து எண்ணைப் போட்டான், விவரம் பளிச்சென்று போய் விழுந்தது. "அக்கா, முன்னைக்கு இப்ப வேகமா வருது" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேசரி கிளறி மூன்று பேரும் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அன்புமணி வீட்டுக்கு வந்தான். இந்த வாரம் பதினோரு மாடு கன்று போடுகிற கணக்கு. அதில் எதற்கு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வைப்பது என்று கேட்டான். டாக்டரம்மா என்றால் கால்நடை டாக்டர் காயத்ரி. இருபது ஊருக்கும் அவர் ஒருவர்தான்.

"ஜெயா, அந்தப் பதினொண்ணுல எதுக்கு ஃபேக்ஸ்ல ரெண்டு இருக்குதுன்னு பாத்து சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எந்த ஃபேக்ஸ்ல?"

"நம்ம ஃபேக்ஸ்லதான்."

குப்பை என்று நினைத்து எடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சொன்னேன். கட்டிலில் இருந்தவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தாடையைத் தடவிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கத்தித்தான் தொலையுங்களேன்."

"கத்தி இன்னா ஆவப்போவுது?" என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் கொட்டகைக்குள் நின்றுகொண்டு மாட்டின் குற்றத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். அதுவும் சினை மாடு என்றால், மாட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி ஒரு சொல் சொல்லிவிட முடியாது. சொன்னால் பலித்துவிடும் என்று பயப்படுவார்கள். ஆனால் ஊசி போடுகிறவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். அதனால் அவர் எண்ணாகப் போட்டு வைத்திருக்கிறார். "ஒண்ணுன்னா இடுப்பு சின்னது, பெரிய ஜாதி ஊசி போடக்கூடாது. ரெண்டுன்னா போன தபா கன்னு திரும்பிக் கெடந்தது, டாக்டர் இல்லாம போடவிடக்கூடாது. மூணு உதைக்கும். அஞ்சு, ஆறு வேற வேற."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஃபேக்ஸைத் தூக்குவேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

பதினோரு மாட்டின் பட்டியலைத் திரையில் எடுத்தேன்.

"இந்த வாரத்துல ஒரு ரெண்டு இருக்குது. அது நிச்சயம்" என்றார். "எந்த வீடுன்னுதான் வர மாட்டேங்குது."

பதினோரு பெயரையும் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பெயரைச் சொன்னால் ஞாபகம் வராது, மாட்டைப் பார்த்தால் வரும் என்றார். போன் போட்டுப் போட்டோ அனுப்பச் சொன்னேன். நாலு பேர் அனுப்பினார்கள், நாலிலும் மாட்டின் முகம். ஒன்றில் மாட்டைவிட மாட்டுக்காரர் முகம் பெரிதாக இருந்தது. இவர் உதட்டைப் பிதுக்கினார்.

"மூஞ்சிய காட்டி இன்னா பிரயோசனம்? நான் நிக்கிற பக்கம் அதுவா?"

பழையதைப் பேக்கப் எடுத்து வைக்காதவள் இல்லை நான். எடுத்தேன். ஆனால் அதைத் திறக்க அந்தச் சாப்ட்வேரே வேண்டும், துடைத்ததைத் திரும்பப் போடக் கம்பெனி உரிமம் தர வேண்டும். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாக, மேடம், புதுச் சந்தா கட்டினால் மூன்று வேலை நாளில் பரிசீலிப்போம் என்றாள். மாடு உங்கள் வேலை நாளைப் பார்த்துக் கன்று போடாதும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மண்டகப்பட்டு காத்தாயி அன்றைக்குப் போன் போடவில்லை.

காத்தாயிக்கு அறுபது வயது இருக்கும். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். காதில் கிடந்த கம்மலை விற்று அவலூர்பேட்டை சந்தையில் சினை மாடு ஒன்று வாங்கினாள். கம்மல் போய் வந்த மாடு என்பதால் அதற்குப் பவுனு என்று பெயர் வைத்தாள். ஒரு மாதமாகத் தினம் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வரும். "எம்மா, கன்னு எப்ப போடும்?" இன்னும் எட்டு நாள் என்பேன். மறுநாள் அதே கேள்வி. இன்னும் ஏழு நாள் என்பேன். "பொட்டைக் கன்னா பாத்து சொல்லும்மா" என்பாள். அது கம்ப்யூட்டரில் தெரியாது என்றால், "பின்ன இன்னாத்துக்கு அது?" என்று கேட்பாள். அவள் போன் வந்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்று ஏழு மணி தாண்டி இரண்டு மணி நேரமாகியும் அவள் போன் வரவில்லை. நான் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பதினொன்றில் அவளுடையதும் ஒன்று. இவரிடம் சொன்னேன். "அதுவா? நிச்சயமா சொல்ல முடியல" என்று நெற்றியைச் சுருக்கினார்.

"மாசா மாசம் நான் எடுத்துக்கினு போற பேப்பர் இருக்குதுல்ல? அதுல ஃபேக்ஸ் இருக்கும்."

அது எனக்கு ஞாபகமே வரவில்லை. மாதம் பிறந்தால் எல்லா மாட்டையும் ஊர்வாரியாக அச்செடுத்துக் கொடுப்பேன். போன் எடுக்காத ஊர்களுக்கு அதை வைத்துக்கொண்டுதான் போவார்.

"எங்க இருக்குது அது?"

அவர் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கால் ஒடைஞ்சப்பறம் எனக்கு எதுக்குன்னு தங்கராஜ் கிட்ட குடுத்துட்டேன். எப்பவும் குடுக்கிறதுதான்."

தங்கராஜ் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறவர். பத்தொன்பது வருடமாக என் மாடுகள் அங்கே வடை மடிக்கப் போயிருக்கின்றன, எனக்குத் தெரியாமல். அதற்குச் சண்டை போட நேரம் இல்லை. மற்ற பத்து வீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வரச்சொல்லி அன்புமணியை அனுப்பிவிட்டு, தாளைப் பார்த்து நிச்சயமானால்தான் டாக்டரம்மாவைக் கூப்பிட முடியும் என்று நான் கூட்டுரோட்டுக்கு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கடையில் நல்ல கூட்டம். கோட்டை பார்க்க வந்த இரண்டு வேன்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேப்பர்கள் வடைச் சட்டிக்கு மேலே கம்பிக் கொக்கியில் தொங்கின. கேட்டதும் தங்கராஜ் கொக்கியோடு கழற்றிக் கொடுத்தார்.

"உங்க பேப்பர் தடிப்பா இருக்கும் அக்கா, எண்ணெய் கைல ஒட்டாது. எங்க கஸ்டமருங்க படிப்பாங்க. எந்த ஊர்ல எந்த மாடு செனைன்னு இங்க அல்லாருக்கும் தெரியும்."

நின்ற இடத்திலேயே புரட்டினேன். இருபத்து மூன்று தாளில் ஒன்பதுதான் மிச்சம். பதினோரு மாட்டில் ஏழு அதில் இருந்தன. ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு ஐந்து, மீதி காலி. இரண்டு எதற்கும் இல்லை. மண்டகப்பட்டுத் தாள் இல்லவே இல்லை.

"இன்னிக்கு காலைல யார் யாருக்கு மடிச்சிங்க?"

"பார்சல்னா வெங்கடரமணன் சாருக்குத்தான். பத்து வடை. ரெண்டு தாள் போட்டேன்."

வெங்கடரமணனுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. நான் போனபோது வடை வேலை முடிந்து, அவர் ஏப்பம் விட்டபடி ஒரு அண்டாவைத் தட்டிக் காட்டி வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். வடை மடித்த பேப்பர் வேண்டும் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வடை நல்லா இல்லைன்னு தங்கராஜ் மேல கேஸ் போடறீங்களாம்மா?"

"மாட்டு விஷயம் சார். அவசரம்."

மனுஷர் வேறு கேள்வி கேட்கவில்லை. வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டுக் கல்லாவுக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையைத் தானே கவிழ்த்தார். சட்னி ஒட்டிய இரண்டு கசங்கல் வந்தன. அண்டாவின் மேல் வைத்து நீவினேன். இரண்டாவது தாளில் எண்ணெய் ஊறி எழுத்து இரண்டு பக்கமும் தெரிந்தது. மண்டகப்பட்டு. காத்தாயி. பவுனு. ஃபேக்ஸ்: 2, 7.

கடைப் படியிலேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் அனந்தபுரத்தில்தான் இருப்பதாகவும் அங்கிருந்து நேரே போவதாகவும் சொன்னார். வீட்டுக்கும் போட்டேன்.

"காத்தாயிதான். ரெண்டு. அப்புறம் ஏழுன்னும் இருக்குது. ஏழுன்னா இன்னா?"

"ஏழை உடு. ரெண்டைப் பாரு" என்றார்.

விழுப்புரம் ரோட்டில் நான் அவ்வளவு வேகமாக எப்போதும் போனதில்லை. வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். ஒரு கிழவி காதை மூளியாக்கி வாங்கிய மாடு, நான் ஒரு கட்டத்தில் டிக் எடுத்ததால் போய்விடுமா? மண்டகப்பட்டில் ஒருவர் கையைக் காட்டினார், வேப்பமரத்தடியில் ஓட்டு வீடு. கொட்டகையில் பவுனு படுத்திருந்தது. அதன் தலைமாட்டில் காத்தாயி உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்து முக்குகிறதாம், ஒன்றும் வரவில்லையாம். போன் வீட்டுக்குள் எங்கேயோ அடித்ததாம், மாட்டை விட்டு எழுந்து போக மனசு வரவில்லையாம்.

"டாக்டரம்மா வர்றாங்க. பயப்படாதீங்க" என்றேன்.

குரலைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். "எம்மா, கம்ப்யூட்டர் பொண்ணா நீ?"

பத்து நிமிடத்தில் காயத்ரியின் கார் வந்து நின்றது. தோள்வரை உறை மாட்டிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தார். கன்றின் தலை பின்னுக்கு மடங்கிக் கிடக்கிறது என்றார். என்னிடம் வாலைப் பிடிக்கச் சொன்னார். பத்தொன்பது வருடமாக மாடுகளோடு இருக்கிறவள், அன்றைக்குத்தான் முதல் தடவை வேறு வீட்டு மாட்டைத் தொட்டேன். பவுனுவின் உடம்பு சுட்டது. டாக்டரம்மா முகமெல்லாம் வேர்வையாக, பேசாமல், அவசரப்படாமல் உள்ளே திருப்பிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காத்தாயி மாட்டின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் இரண்டு குளம்பும் ஒரு மூக்கும் தெரிந்தன. அதற்கப்புறம் சரசரவென்று முழுக் கன்றும் வைக்கோலில் வந்து விழுந்தது. பொட்டைக் கன்று. வாயைத் துடைத்துக் காதில் ஊதினதும் தும்மியது. நான் அழுதுவிட்டேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காயத்ரி வாளியில் கை கழுவிக்கொண்டே கேட்டார். "இதுக்கு டாக்டர் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? இந்தம்மா வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலையே."

"ஃபேக்ஸ்ல இருந்துச்சு" என்றேன். என்னைப் பார்த்தார், மேலே கேட்கவில்லை.

டாக்டரம்மா போன பிறகு நானும் கிளம்பினேன். காத்தாயி விடவில்லை. "பத்து நிமிஷம் உக்காந்துட்டு போம்மா" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டாள். "உங்க வூட்டுக்காரரு இங்கதான் உக்காருவாரு. எப்ப வந்தாலும் சரி, ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிப்பாரு. இன்னா, வேலை ஆவுதான்னு கேப்பாரு. நான் எதுனா சொல்லிக்கினு இருப்பேன், கேட்டுக்கினு இருப்பாரு. அப்பறம் போய்டுவாரு."

அவள் கொடுத்த சொம்பைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அதே சொம்பு தண்ணீர், அதே கேள்வி, அதே பத்து நிமிடம். பதினோரு மணிக்கு வருவதை நான் திட்டுவேன் என்பது வேறு விஷயம். ஆனால் அது என் பதினோரு மணி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஊரெல்லாம் போய் இதையேதான் செய்கிறாரா இந்த மனுஷன்?

வீட்டுக்கு வந்து நல்ல செய்தியைச் சொன்னேன். கண்ணை மூடி நிம்மதியாக மூச்சுவிட்டார். இப்போதுதான் அவருக்கு முழுசாக ஞாபகம் வந்தது. அந்த மாட்டின் முதல் கன்றின்போது, பழைய மாட்டுக்காரரின் கொட்டகையில் அவர் இருந்திருக்கிறார். கன்று தங்கவில்லை. அதை மறைத்து மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். காத்தாயி வீட்டில் அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "கம்மல வித்து வாங்கிட்டா. வாங்கினப்பறம் சொல்லி இன்னா பண்றது? கன்னு போடற வரைக்கும் பயந்துக்கினே இருப்பா. அதான் நாமளே பாத்துக்கலாம்னு ரெண்டு போட்டேன்" என்றார். சந்தோஷத்தில் அவர் பேசிக்கொண்டே போனார், நான் உம்மென்று இருந்தேன்.

மறுநாள் காலை அன்புமணி காத்தாயி கொடுத்தனுப்பிய சீம்பாலைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தான். மற்ற மாடுகள் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னான். நான் தங்கராஜ் கடைத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு எண்களைத் திரும்ப ஏற்ற உட்கார்ந்தேன். பெயரைச் சொன்னால் வராதது வழியை நினைத்தால் வருகிறதாம், அதனால் தாளில் இல்லாததை இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, வண்டியில் போகிற வழியிலேயே வீடு வீடாக நினைத்துப் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. புது டேட்டாபேஸில் கட்டத்துக்கு நாம் வைத்ததுதான் பெயர், எந்தக் கம்பெனியையும் கேட்க வேண்டாம். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன்.

"ஃபேக்ஸ்னே வையி. எனக்கு பழகிப் போச்சு."

ஃபேக்ஸ் என்றே வைத்தேன்.

எண்களை ஏற்ற ஏற்ற ஏழுகள் கண்ணில் பட்டன. மண்டகப்பட்டு காத்தாயி, ஏழு. பனமலையில் ரஞ்சிதம், ஏழு. அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று எனக்குத் தெரியும். செந்தமிழன் என்று ஒருவர், பெண்டாட்டி செத்து இரண்டு வருடம். அவருக்கும் ஏழு. இது மாட்டுக்குப் போட்ட எண் இல்லை என்று புரிய எனக்கு இவ்வளவு நேரம் ஆனது.

"ஏழுன்னா ஒண்டியா இருக்கிறவங்களா?" என்றேன்.

"ஊசியப் போட்டமா, வண்டிய எடுத்தமான்னு வந்துடக்கூடாது. அவங்க கிட்ட பேச மாட்டைத் தவிர ஆளு இல்ல. பத்து நிமிஷம் உக்காந்துட்டு வரணும். அவசரத்துல மறந்துடுவேன்ல, அதான் போட்டு வெச்சேன்."

எனக்கு மனசு இளகிவிட்டது. நேற்றெல்லாம் உம்மென்று இருந்ததற்கு உள்ளுக்குள்ளேயே என்னைத் திட்டிக்கொண்டேன். கடைசித் தாளை எடுத்தேன். அது செஞ்சி டவுன் தாள். முதல் வரிசையில் முதல் மாடு, சாப்ட்வேர் வாங்கிய அன்று பதிந்து பார்த்த எங்கள் வீட்டு மாடு. உரிமையாளர் பெயர் ஜெயக்கொடி, நான்தான். ஃபேக்ஸ்: 7.

விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் தாளை அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி சிரித்தார்.

"மொதல்ல போட்டது அதுதான். எழிலன் இஸ்கூலுக்குப் போவ ஆரம்பிச்ச வருஷம். நீ நாளெல்லாம் இந்தப் பொட்டி எதுர்ல ஒண்டியா உக்காந்துக்கினு இருப்ப. ஒருநாள் நான் வர்றேன், நீ மாட்டுப் பேரைச் சொல்லிச் சொல்லி அதுங்ககிட்ட பேசிக்கினு இருந்த. அன்னிக்குப் போட்டேன். அதுக்கப்பறந்தான் மத்த வூட்லயும் இப்படித்தான் இருப்பாங்கன்னு தோணுச்சு."

எங்கள் மகன் எழிலன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். "கை பழகுறேன்னு பொய்யா சொன்னிங்க?" என்று மட்டும் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ச் சீம்பாலை அடுப்பில் வைத்தேன்.

இப்போது பதினோரு மணிக்கு அவர் எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. நாள் முழுக்க அதே பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டுக் காலை நீட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேலை ஆவுதா, வேலை ஆவுதா என்று உயிரை எடுக்கிறார். தை பிறந்ததும் கட்டைப் பிரித்துவிடுவார்கள், வண்டியை எடுத்துவிடுவார்.

யானைக்குள் முதல் மாட்டுக்கு எதிரே ஏழு என்று நானே என் கையால் போட்டு வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்கவில்லை என்றால், எங்கே இருக்கிறீர்கள் என்று நான் போன் போட்டுக் கேட்பேன்.